ஒன்றுக்கு ஆறு அளவில் நீராவி லாரி: ஓவர்டைப்பா, அண்டர்டைப்பா?

மரைகழன்றவன்:

வணக்கம்.

ரொம்ப நாளாக மனதை அரித்துக்கொண்டிருந்த வேலையை இப்போதுதான் கையில் எடுக்கிறேன். டீசல் லாரிகள் பெருகுவதற்கு முன்னால் இங்கிலாந்துச் சாலைகளில் கரி எரித்து ஓடியதே, நீராவி லாரி, அதை ஒன்றுக்கு ஆறு அளவில் செய்ய வேண்டும். ஆளாளுக்கு ரயில் என்ஜின் செய்கிறார்கள். எனக்குக் கண் லாரிமேல்தான். சரக்குத் தளம், கேபின், கமான் பட்டை, பின்சக்கரத்துக்கு ஓடும் செயின் எல்லாம் இருக்கிறது, கூடவே மூக்கில் ஒரு புகைபோக்கி நிற்கிறது! அதைப் பார்த்ததிலிருந்து வேறு எதுவும் பிடிக்கவில்லை.

கையில் இருப்பவை: 180 மி.மீ. விட்டம் வரை சுழலும் லேத், மேசைமேல் வைக்கிற மில்லிங் மெஷின், டிரில் பிரஸ். முன்பு ஊசல் சிலிண்டர் என்ஜின் ஒன்றும், காற்றில் ஓடும் கிடைமட்ட என்ஜின் ஒன்றும் செய்திருக்கிறேன். பாய்லர் மட்டும் தொட்டதே இல்லை.

இரண்டு வண்டிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். ஒன்று ஃபோடன், 1920-களில் ஓடிய 6 டன் வண்டி. ரயில் என்ஜினுக்கு உள்ளதைப் போன்ற கிடைப் பாய்லர், அதன் முதுகிலேயே சிலிண்டரும், பிஸ்டனின் முன்பின் ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் கிராங்க்கும். இதை ஓவர்டைப் என்கிறார்கள். இன்னொன்று 1923-இல் வந்த சூப்பர் சென்டினல். கேபினுக்குள் செங்குத்தாக நிற்கும் பாய்லர், என்ஜின் சேஸுக்கு அடியில். இது அண்டர்டைப்.

எதை எடுக்கலாம்? எங்கிருந்து தொடங்கலாம்? பாய்லரை நானே செய்யலாமா, வாங்கிவிடலாமா? அப்புறம், அசல் வண்டியின் அளவுகளை எல்லாம் 6-ஆல் வகுத்துக்கொண்டே போனால் போதுமா, எங்காவது இடிக்குமா?


அரைமில்லி:

என் ஓட்டு சென்டினலுக்கு. என்ஜினைத் தனியாக மேசையில் முடித்து, காற்றில் ஓட்டிப் பார்த்துவிட்டு, அப்படியே தூக்கிச் சேஸுக்கு அடியில் மாட்டலாம். பாய்லரை ஆர்டர் கொடுத்து வாங்கிவிடுங்கள், சோதனைச் சான்றிதழோடு வரும். நிம்மதி.

சக்கரத்திலிருந்து தொடங்குங்கள். நான்கு சக்கரமும் சேஸும் தரையில் நின்றுவிட்டால் மனதுக்குத் தெம்பு வரும். வார்ப்பிரும்புச் சக்கரம் கடையும்போது முதல் வெட்டே மேல்தோலுக்குக் கீழே இறங்கட்டும். பயந்து பயந்து மேலாகச் சுரண்டினால் அந்தக் கடினமான தோலில் டூல் முனை தேய்ந்துபோகும், சக்கரம் அப்படியே இருக்கும்.


கரிமூட்டி:

கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன். மற்றதெல்லாம் அதில்தான் தொங்குகிறது.

6, 36, 216. இந்த மூன்று எண்களையும் லேத்துக்கு மேலே சுவரில் எழுதிவையுங்கள். நீளம் 6-இல் ஒன்றாகும்போது பரப்பு 36-இல் ஒன்றாகிறது, கன அளவும் எடையும் 216-இல் ஒன்றாகின்றன. காலி வண்டி 6 டன் என்று வைத்துக்கொண்டால் உங்கள் மேசையில் அது 28 கிலோ. ஆனால் தண்ணீருக்கும் நெருப்புக்கும் ஆவிக்கும் நீங்கள் மாடல் செய்வது தெரியாது. அவை எப்போதும் முழு அளவிலேயே நடந்துகொள்ளும். இடிக்கிற இடங்களில் பாதிக்கு மேல் அங்கேதான் இருக்கின்றன.

முதலில் கமான் பட்டை. அகலம், தடிமன், நீளம் மூன்றையும் 6-ஆல் வகுத்தால் பட்டையின் விறைப்பு 6-இல் ஒன்றாகக் குறையும். மேலே உட்காரும் எடையோ 216-இல் ஒன்றாகிவிட்டது. பார்வைக்கு அசல் வண்டி மாதிரி இருக்க வேண்டுமானால் பட்டை 6-இல் ஒரு பங்கு வளைய வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள், 36-இல் ஒரு பங்குதான் வளையும். அதாவது 6 மடங்கு விறைப்பு. ஒரு சின்னக் கல்மேல் ஏறினாலே வண்டி மூன்று சக்கரத்தில் நொண்டும். இதற்குப் பழைய வைத்தியம்: எஃகுப் பட்டைகளை மெலிதாக எடுத்து, இடையிடையே டஃப்னால் (துணியடுக்கில் பிசின் ஊறிய தகடு) பட்டைகளைச் செருகுவது. பக்கத்திலிருந்து பார்த்தால் பட்டைகளின் எண்ணிக்கை சரியாகத் தெரியும், சுமப்பது சில பட்டைகள் மட்டும்.

அடுத்தது சிலிண்டர். ஃபோடனில் இருப்பது காம்பவுண்ட் என்ஜின். சின்ன சிலிண்டரில் வேலை செய்துவிட்டு வரும் ஆவி பெரிய சிலிண்டரில் மறுபடி விரிந்து வேலை செய்யும். முழு அளவு வண்டியில் அது கரியை மிச்சப்படுத்தும். நம் அளவில் சிலிண்டருக்குள் இருக்கும் ஆவியின் கன அளவு 216-இல் ஒன்று, அதைச் சுற்றியுள்ள சுவரின் பரப்பு 36-இல் ஒன்று. ஆவிக்கு எதிரே நிற்கும் குளிர்ந்த சுவர், விகிதத்தில் 6 மடங்கு. பெரிய சிலிண்டருக்கு வந்து சேர்வதில் கணிசமான பங்கு வெந்நீர்தான். காம்பவுண்டின் தாளம் கேட்க வேண்டும் என்ற ஆசைக்காகச் செய்யுங்கள், தப்பில்லை. கரி மிச்சமாகும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். சிலிண்டரைச் சுற்றி வெப்பக்காப்பு கட்டுவதையும், அடியில் நீர் வடிக்கும் சின்ன வால்வையும் அலங்காரம் என்று நினைத்து விட்டுவிடவும் கூடாது.

நெருப்பின் புகையைப் பாய்லர் தண்ணீருக்கு ஊடே கடத்தும் புகைக்குழாய்களையும் வகுக்காதீர்கள். அசலில் இருக்கும் அத்தனை குழாயையும் 6-ஆல் வகுத்து அடுக்கினால் ஊசித்துளை மாதிரி ஆகி, ஒரு மணி நேரத்தில் சாம்பலும் கரிப்புகையும் அடைத்துக்கொள்ளும். எண்ணிக்கையைக் குறைத்து விட்டத்தைக் கூட்ட வேண்டும். பட்டறைக் கணக்கு ஒன்று உண்டு: குழாயின் நீளத்தை உள்விட்டத்தின் வர்க்கத்தால் வகுத்தால் 50-க்கும் 70-க்கும் இடையில் வர வேண்டும், அளவுகள் அங்குலத்தில். 9 அங்குல நீளக் குழாய்க்கு இது 9 முதல் 11 மி.மீ. வரையிலான துளை.

இனி நான் கொஞ்சம் குரலை உயர்த்துகிற இடம்: தண்ணீர்மட்டக் கண்ணாடி. பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று மெல்லிய கண்ணாடிக் குழாய் போடுகிறார்கள். 3 மி.மீ. துளையுள்ள சுத்தமான கண்ணாடிக்குள் குளிர்ந்த தண்ணீர் தானாகவே கிட்டத்தட்ட 10 மி.மீ. ஏறி நிற்கும், பாய்லரில் அவ்வளவு தண்ணீர் இல்லாவிட்டாலும். சூடானால் இது குறையும், ஆனால் காணாமல் போகாது. உங்கள் நெருப்புப் பெட்டியின் கூரைக்கு மேலே இருக்க வேண்டிய குறைந்தபட்சத் தண்ணீரே ஒரு 12 மி.மீ. தான் இருக்கும். கண்ணாடி சொல்லும் அளவுக்கும் உள்ளே இருக்கும் அளவுக்கும் அரை சென்டிமீட்டர் வித்தியாசம் என்றால், கூரை காய்ந்துகொண்டிருக்கும்போது நீங்கள் நிம்மதியாகக் கரி போட்டுக்கொண்டிருப்பீர்கள். அளவு அழகைப் பார்க்காமல் பெரிய துளைக் கண்ணாடி போடுங்கள். கண்ணாடியில் தெரியும் கீழ் விளிம்பே கூரையைவிட உயரமாக இருக்கட்டும். தண்ணீர் கண்ணாடியைவிட்டு மறைந்தால் நெருப்பை இறக்க வேண்டியதுதான், வேறு யோசனை வேண்டாம்.

சரி, எந்த வண்டி? அரைமில்லி சொன்னது அண்டர்டைப்புக்கு நூற்றுக்கு நூறு சரி. சென்டினலில் டிஃபரென்ஷியல்கூட (வளைவில் இரு பின்சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பல்சக்கரத் தொகுதி) கிராங்க் ஷாஃப்டிலேயே இருக்கிறது, அங்கிருந்து பின்சக்கரத்துக்கு ஒன்றாக இரண்டு செயின். எல்லாம் ஒரே மூட்டையாக மேசையில் முடியும். பாய்லரும் கேபினுக்குள் மறைவதால், அசலின் குறுக்கு நீர்க்குழாய் அமைப்பை விட்டுவிட்டுச் சாதாரணச் செங்குத்துப் புகைக்குழாய்ப் பாய்லர் வைத்தாலும் யாருக்கும் தெரியாது.

ஆனால் நீங்கள் எழுதியதைத் திரும்பப் படித்துப் பாருங்கள். மூக்கில் நிற்கும் புகைபோக்கியைப் பார்த்து மயங்கியவர் நீங்கள். சென்டினலின் புகைபோக்கி கேபின் கூரையைத் துளைத்துக்கொண்டு போகும். வேண்டாவெறுப்பாகச் சென்டினலைத் தொடங்கினால், பாதியில் சாக்குத்துணி போட்டு மூடிவைப்பீர்கள். ஃபோடனையே எடுங்கள்.

ஃபோடன் என்றால் தொடக்கம் பாய்லரிலிருந்துதான். ஓவர்டைப்பில் சிலிண்டர் பாய்லரின் முன்முதுகில் உட்காருகிறது. கிராங்க் ஷாஃப்டைத் தாங்கும் பக்கத் தகடுகள் நெருப்புப் பெட்டியின் இருபுறமும் நிற்கின்றன. வண்டியின் முக்கால்வாசி அளவுகள் பாய்லரிலிருந்து எடுக்கப்படுபவை. பற்றவைத்து முடித்த பாய்லர் வரைபடத்தில் உள்ளபடியே வந்து நிற்காது, ஒரு மில்லி அங்கே இங்கே இருக்கும். சேஸை முதலில் செய்துவிட்டு அதற்குள் பாய்லரைத் திணிப்பதைவிட, முடிந்த பாய்லரை அளந்து சேஸ் செய்வது எவ்வளவோ சுலபம்.

இன்னொன்று, இதுதான் ஓவர்டைப்பின் சூட்சுமம். பாய்லர் வளரும். 7 பார் அழுத்தத்தில் ஆவி 170 டிகிரி. அறை வெப்பத்திலிருந்து 150 டிகிரி ஏறினால் 300 மி.மீ. செப்பு உருளை முக்கால் மில்லி நீளும். சேஸ் எஃகு, அதுவும் குளிர்ந்தே இருக்கிறது. இரண்டு முனையையும் போல்ட் போட்டு இறுக்கினால் ஏதாவது ஒன்று வளைந்தாக வேண்டும், அல்லது பற்றவைத்த இணைப்பு விட்டாக வேண்டும். நான் நெருப்புப் பெட்டிப் பக்கத்தை இறுக்கிவிட்டு, புகைப்பெட்டிப் பக்கத்தை நீள்துளையில் வழுக்க விடுவேன். அப்போது கிராங்க் ஷாஃப்டும் செயின் பல்சக்கரமும் இடம் மாறாது, மூக்குதான் முன்னும் பின்னும் போகும்.

அதே வளர்ச்சி சிலிண்டருக்கும் கிராங்க்குக்கும் நடுவிலும் நடக்கிறது. இடையே 200 மி.மீ. என்றால் அரை மில்லி. சிலிண்டர் கிராங்கைவிட்டு முன்னால் நகர்கிறது. பிஸ்டன் தண்டும் கனெக்டிங் ராடும் கொஞ்சம் சூடேறும், ஆனாலும் அந்த அளவுக்கு நீளாது. ஆகவே சிலிண்டருக்குள் பிஸ்டன் பின்மூடியை நோக்கித் தள்ளிப்போயிருக்கும். குளிர்ந்த நிலையில் இரண்டு பக்கமும் சரிசமமாக இடைவெளி வைத்துவிட்டுப் பெருமைப்பட்டால், சூடானபின் பின்பக்கம் டக் டக் என்று தட்டும். பின்மூடிப் பக்கம் அரை மில்லி கூடுதலாக விட்டுவையுங்கள்.

பாய்லரை வாங்குவதா, செய்வதா என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. செப்புப் பற்றவைப்பு தெரிந்த ஒருவர் பக்கத்தில் நின்றால் செய்யுங்கள். தனியாளாக முதல் பாய்லரே இந்த அளவில் என்றால், வாங்குவது கௌரவக் குறைச்சல் இல்லை.


மரைகழன்றவன்:

அண்ணே, சாக்குத்துணி விஷயத்தை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று தெரியவில்லை, கிடைமட்ட என்ஜினுக்கு முன்னால் தொடங்கிய ஒன்று இன்னும் மூடியபடிதான் இருக்கிறது. ஃபோடன் என்று முடிவாகிவிட்டது.

பாய்லரையும் நானே செய்து பார்க்க ஆசை. உதவிக்கு வெல்டிங் தெரிந்த நண்பர் வருகிறேன் என்கிறார், ஆனால் அவர் எஃகு ஆள், செம்பு பற்றவைத்ததில்லை. எவ்வளவு பெரிய பர்னர் வேண்டும்? 100 மி.மீ. விட்ட உருளைக்கு எவ்வளவு தடிமன்? அப்புறம் சோதனை எப்படி? இன்னொரு சின்னக் கேள்வியும் உண்டு: பின்அச்சு கமான் பட்டையில் மேலும் கீழும் ஆடும்போது செயின் இறுகித் தளராதா?


பற்றாசு:

பற்றவைப்புக்கு நான் பதில் சொல்கிறேன். எங்கள் வீட்டுத் தொழில் நகை. வெண்காரமும் ஊதுகுழலுமாக வளர்ந்தவன். பாய்லர் வேலைக்கு வந்தபோது எனக்கிருந்த பழக்கங்களில் பாதி உதவியது, பாதி காலை வாரியது.

உதவிய பாதி: உருகிய பற்று, அதாவது இணைப்பை ஒட்டும் உலோகக் கலவை, சூட்டை நோக்கி ஓடும். இணைப்புக்கு எந்தப் பக்கம் பற்றுக் கம்பியை வைக்கிறீர்களோ அதற்கு எதிர்ப்பக்கம் சூடு கொடுத்தால் இடுக்கு முழுக்க இழுத்துக்கொள்ளும். மோதிரமானாலும் பாய்லரானாலும் இது ஒன்றுதான். இடுக்கு 0.05 முதல் 0.15 மி.மீ. வரை இருந்தால் நல்லது. மிக இறுக்கமாகப் பொருத்தினால் உள்ளே போக வழி இருக்காது, அகலமாக இருந்தால் நிற்காது. சுத்தம் போதாத இடத்தில் பற்று உருண்டையாக நின்று வேடிக்கை பார்க்கும்.

காலை வாரிய பாதி: நகையில் சுடரைச் சிறிதாக்கி ஒரு புள்ளியில் வைப்போம். பாய்லரில் அது எடுபடாது. செம்பு சூட்டை வாங்கி மறுமுனைக்குக் கடத்திவிடும். முழுப் பாய்லரையும் கிட்டத்தட்ட ஒரே சூட்டுக்குக் கொண்டுவந்தால்தான் ஒரு மூலை உருகும். பெரிய புரொப்பேன் பர்னர் ஒன்று, உதவியாளர் கையில் இன்னொன்று, மூன்று பக்கமும் வெப்பம் விடாத இலேசான செங்கல் அடுக்கு. உங்கள் வெல்டிங் நண்பர் ஆக்ஸிஅசிட்டிலினைத் தூக்கிக்கொண்டு வந்தால், அதை ஓரமாக வைக்கச் சொல்லுங்கள். பழகாத கையில் அது ஒரே இடத்தைச் சட்டென்று ஓட்டையாக்கும், பக்கத்தில் பற்று உருகவே உருகாது. அவரை இரண்டாவது பர்னர் பிடிக்க வையுங்கள், சூடு எங்கே போகிறது என்று வெல்டருக்குக் கண் தெரியும்.

பற்று இரண்டு வகை வாங்குங்கள். உள்வேலைக்கு, அதாவது நெருப்புப் பெட்டி, குழாய்த் தகடு இவற்றுக்கு 38 சதவீத வெள்ளி, அது 650 டிகிரியில் தொடங்கி 720-இல் முழுதாக உருகும். வெளி இணைப்புகளுக்குக் கடைசியில் 55 சதவீத வெள்ளி, 630 முதல் 660. முதலில் போட்டது இரண்டாம் சூட்டில் முழுதாக உருகி ஓடாது. பழைய இருப்பு என்று யாராவது கேட்மியம் கலந்த பற்றைத் தந்தால் வாங்காதீர்கள், அதன் புகை நுரையீரலுக்கு நஞ்சு. எதுவானாலும் கதவு ஜன்னல் திறந்திருக்கட்டும்.

தகட்டு விளிம்பை அச்சுக்கட்டைமேல் வைத்துத் தட்டி மடிக்கும்போது செம்பு சீக்கிரமே முறுக்கேறிக்கொள்ளும். கையில் அடியின் ஓசை மாறுவது கேட்கும், மந்தமான ஓசை கணீரென்று ஆகும். உடனே நிறுத்தி, மங்கிய சிவப்புக்குச் சூடேற்றித் தண்ணீரில் முக்குங்கள். மறுபடி ஈயம் மாதிரி வளையும். இன்னும் ரெண்டு அடி தட்டிவிடலாம் என்று தட்டினால் மூலையில் கீறும்.

வால்வும் குழாயும் மாட்டப் பாய்லரில் பொருத்தும் மரை வளையங்கள், அதாவது புஷ்கள், பித்தளையாக இருக்கக் கூடாது. வெந்நீரில் நாளடைவில் துத்தநாகம் கரைந்து வெளியேறி, நுண்துளை விழுந்த செம்பு மட்டும் மிஞ்சும். வெண்கலமோ கன்மெட்டலோ போடுங்கள். பற்றவைத்ததும் அப்படியே அமிலத்தில் போடாதீர்கள், நன்றாக ஆறட்டும். சிட்ரிக் அமிலக் கரைசல் போதும், ஒரு ராத்திரி ஊறினால் இளஞ்சிவப்பாக வெளியே வரும், எங்கே பற்று ஓடவில்லை என்பதும் தெரிந்துவிடும்.


கரிமூட்டி:

பற்றாசு சொன்னதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. தடிமனுக்கும் சோதனைக்கும் வருகிறேன்.

அழுத்தத்தை விட்டத்தால் பெருக்கி, அனுமதிக்கும் தகைவின் இரு மடங்கால் வகுங்கள். பற்றவைத்த சூட்டில் மென்மையாகிப்போன செம்பு, சதுர மில்லிமீட்டருக்கு 200 நியூட்டன் தாங்கும் என்று வைத்து, பாதுகாப்புக்கு 8-ஆல் வகுத்தால் 25. 7 பார் என்பது அதே அலகில் 0.7, விட்டம் 100. விடை 1.4 மி.மீ. சூடானால் செம்பின் வலு குறையும், துளைகளும் இணைப்புகளும் பலவீனம், ஆக 3 மி.மீ. எடுங்கள், வழக்கமும் அதுதான். இந்தக் கணக்கு உருளைக்கு மட்டும். நெருப்புப் பெட்டியின் தட்டையான பக்கங்களுக்குத் தாங்குகம்பிகளின் இடைவெளிதான் கணக்கு. செம்பை வெட்டுவதற்கு முன்பே, பாய்லர் சோதிக்கும் அனுபவமுள்ள ஒருவரிடம் வரைபடத்தைக் காட்டிவிடுங்கள். பிறகு கொண்டுபோனால் அவர் உதட்டைப் பிதுக்குவதை மட்டும்தான் பார்க்கலாம்.

சோதனை தண்ணீரில். காற்றில் ஒருபோதும் வேண்டாம். பாய்லர் விட்டுப்போனால் அமுக்கிய காற்று வெடிக்கும், தண்ணீர் கசிந்து நின்றுவிடும். உள்ளே துளிக் காற்றுகூட இல்லாமல் உச்சித் துளை வழியாகத் தண்ணீர் வழியும்வரை நிரப்பி அடையுங்கள். கைப்பம்பால் மெல்ல ஏற்றி, வேலை அழுத்தத்தின் இரு மடங்கு, அதாவது 14 பாரில் நிறுத்துங்கள். தட்டைப் பக்கங்களில் டயல் கேஜ் ஒன்று வைத்தால், புடைப்பது முள்ளில் தெரியும். அழுத்தம் இறக்கியதும் முள் பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும், திரும்பாவிட்டால் தகடு நிரந்தரமாக நெளிந்துவிட்டது என்று அர்த்தம். பின்னால் வரும் மறுசோதனைகளுக்கு ஒன்றரை மடங்கு போதும். அதன்பிறகு நெருப்பு மூட்டி, ஆவி வெளியேறும் மற்ற வழியெல்லாம் அடைத்து, புளோயரை (புகைபோக்கியில் ஆவியைப் பீய்ச்சி நெருப்புக்குக் காற்று இழுப்பது) முழுதாகத் திறந்து பாருங்கள். சேஃப்டி வால்வே மிச்ச ஆவியை விட்டு, அழுத்தம் 10 சதவீதத்துக்கு மேல் ஏறாமல் பிடிக்க வேண்டும். தண்ணீர் ஊட்ட ஒன்றையொன்று சாராத இரண்டு வழிகள் இருக்கட்டும். என்ஜினால் ஓடும் பம்ப் ஒன்று, கைப்பம்போ இன்ஜெக்டரோ (ஆவியின் வேகத்தாலேயே தண்ணீரை உள்ளே தள்ளுவது) இன்னொன்று. வண்டி நின்றுவிட்டால் முதல் பம்பும் நின்றுவிடும் என்பதை மறக்காதீர்கள்.

செயின். கேட்டது நல்லதாயிற்று, பலர் வண்டி ஓடியபிறகுதான் கேட்பார்கள். பின்அச்சின் இரு பக்கமும் ரேடியஸ் ராடு, அதாவது அச்சை முன்னால் ஒரு மையத்தோடு இணைக்கும் கம்பி, போட வேண்டும், அதன் முன்முனை செயினை இழுக்கும் ஷாஃப்டின் மையத்திலேயோ மிக அருகிலேயோ ஆட வேண்டும். அப்போது அச்சு எவ்வளவு ஆடினாலும் அந்த மையத்தைச் சுற்றிய வில்லில்தான் ஆடும், இரண்டு பல்சக்கரங்களின் இடைத்தூரம் மாறாது. இதற்குக் கமான் பட்டையின் முனைகள் வழுக்க முடிய வேண்டும். இரண்டு முனையையும் கண் போட்டு ஆணி அடித்துவிட்டால் பட்டை ஒரு பக்கம் இழுக்கும், ராடு ஒரு பக்கம் இழுக்கும். ராடின் நீளத்தை மரை வைத்து மாற்றும்படி செய்துவிட்டால் செயின் தேயத் தேயத் தள்ளிக்கொள்ளலாம். இரண்டு ராடையும் சமமாகத் தள்ளுங்கள், இல்லாவிட்டால் அச்சு கோணலாகி வண்டி நண்டு நடை நடக்கும். 8 மி.மீ. பிட்ச் செயின் பார்வைக்கும் பொருந்தும், இந்த எடைக்கும் தாங்கும். இடைத்தூரத்தில் 2 சதவீதம் தொய்வு விட்டு மாட்டுங்கள்.